முணுமுணுப்பின் உரிமையாளர்

ருக்மணி மனதுக்குள் சொன்னதை அவள் கணவன் சாயங்காலம் வந்து அவளிடமே திருப்பிச் சொன்னான்.

முதல் தடவை அதைத் தற்செயல் என்றுதான் நினைத்தாள். காலையில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது, 'எங்க மாமியா கொஞ்ச நேரம் வாயை மூடுனா இந்த வீடு நல்லாயிருக்கும்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சத்தம் வரவில்லை. உதடுகூட அசையவில்லை. வேலையிலிருந்து வந்த கணவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "எங்கம்மா வாயை மூடணுமா உனக்கு?" என்று கேட்டான்.

அதன்பிறகு அது அடிக்கடி நடந்தது. பிறந்த வீட்டுக்குப் போய்விடலாமா என்று அவள் நினைத்த நாளில் பீரோச் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். கல்யாணத்துக்கு முன்பு தன்னோடு வேலை பார்த்த ஒருவனின் பெயர் ஏதோ பாட்டைக் கேட்டபோது நினைவில் வந்துபோனது. அன்றைக்கு அடி விழுந்தது. ருக்மணி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருப்பவள். மனதில் எதுவும் ஓடாமல் இருக்க, வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததுமே வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தாள். துணி மடிக்கும்போதும் வாய்ப்பாடு, சாப்பிடும்போதும் வாய்ப்பாடு. மகன் கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. கடைசியில் கணவனே அவளைக் கோயம்புத்தூருக்கு அழைத்துவந்து மனநல மருத்துவர் ஷகிலா பானுவின் முன்னால் உட்கார வைத்தான்.

"ஏனுங் டாக்டர், இவ நெனைக்கறதையெல்லாம் வீடு ஒட்டுக் கேக்குதாமா. ராவும் பகலும் இதே பேச்சுங்க. ஏதாச்சும் மாத்திரை குடுத்துத் தூங்க வைங்க."

ஷகிலா அவனை வெளியே உட்காரச் சொன்னார். கதவு சாத்தியதும் ருக்மணி கைப்பையிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தாள். சுவரில் செருகும் கொசு மெஷின்.

"இதைக் கழட்டி வெச்ச அன்னிக்கு மட்டும் அவருக்கு எதுவும் தெரியலீங்க. நான் பைத்தியமா இல்லையான்னு நீங்களே பாருங்க" என்றாள்.

இதே மாதிரிப் பேச்சை ஷகிலா எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார். சுவர் பேசுகிறது, மின்விசிறி வேவு பார்க்கிறது என்று வருகிறவர்களுக்கு அவர் எழுதிக்கொடுக்கும் மாத்திரை ஒன்றுண்டு. பேனாவையும் எடுத்துவிட்டார். ஆனால் அவருக்குக் கதிர்வேலின் ஞாபகம் வந்தது.

கதிர்வேல் டவுன் பஸ் கண்டக்டர். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். பிழைத்து எழுந்தவன் யார் முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். அப்போது அவனுக்குச் சிகிச்சை கொடுத்தவர் ஷகிலா. அவனை எழுப்பி உட்கார வைத்தது மருந்தல்ல, அவனுடைய தங்கை சாருமதி. எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரான அவள், சட்டைக் காலரில் குத்திக்கொள்ளும் பொத்தான் அளவில் ஒரு கருவி செய்து கொடுத்தாள். அவன் பேச நினைத்தால் போதும், அது பேசும். இப்போது கதிர்வேல் காந்திபுரம் பஸ் நிலையத்தில் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஷகிலா மாத்திரை எழுதவில்லை. சாருமதிக்குப் போன் செய்தார்.

சாருமதி வந்ததும் கொசு மெஷினை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தாள். மருந்து வாசனையே இல்லை. திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தவள், அவற்றை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினாள்.

"என்ன சாரு?"

"என்னோடதுதான் டாக்டர். அண்ணனுக்குப் பண்ணினதேதான். கொஞ்சம் பெருசு பண்ணியிருக்காங்க, ரூம் முழுக்க எட்டற மாதிரி."

ருக்மணி நாற்காலி நுனிக்கு வந்தாள். "என்னக்கா அது? நான் வாயே திறக்கலையே, எப்படிக் கேக்கும்?"

அவளிடம் எளிமையாகச் சொல்ல வேண்டும் என்று சாருமதி வார்த்தைகளைத் தேடினாள். "நாம மனசுக்குள்ள வார்த்தையா ஒண்ணை நெனைச்சா நாக்கும் தாடையும் தொண்டையும் துளியூண்டு அசையும். நமக்கே தெரியாது. அந்த அசைவை ரேடியோ அலை வெச்சுப் படிக்கலாம். குரல் போனவங்களுக்கு அதைக் குரலா மாத்திக் குடுக்கலாம்னு கண்டுபிடிச்சேன். ஆளாளுக்கு அசைவு வேற. நீங்க சத்தமாப் பேசறப்ப அசையறதைப் படிச்சுப் படிச்சு உங்க தொண்டையை இது பழகியிருக்கும். படிச்சதை ஒரு சர்வர் வார்த்தையா மாத்தி, வாங்கினவரோட போனுக்கு அனுப்பும்."

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லை."

"இல்லை."

ருக்மணி சந்தோஷப்படவில்லை. "யாரக்கா இதைச் செஞ்சது?" என்று கேட்டாள். அவள் கேட்டது விற்றவனைப் பற்றித்தான். ஆனால் சாருமதிக்கு அது தன்னைக் கேட்டதாகவே பட்டது.

*

யாருடையது என்ற கேள்வி ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தது.

பீளமேட்டில் மோட்டார் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் சாருமதி வேலை பார்த்தாள். அண்ணனுக்கான கருவியை வீட்டில்தான் யோசித்தாள், வீட்டில்தான் வரைந்தாள். சோதனை மட்டும் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. முதலாளி பிரகதீஸ் அதற்கு மறுப்பே சொன்னதில்லை. சர்வர் கொடுத்தார், விடுமுறை கொடுத்தார், கதிர்வேல் முதன்முதலாகப் பேசிய அன்று ஊழியர்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார். பிறகு ஒருநாள் காப்புரிமை வந்தபோது கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் பிரகதீஸின் பெயர் இருந்தது. கேட்டபோது, "கம்பெனி சம்பளம், கம்பெனி கூடம், அப்ப கம்பெனி சொத்துதானுங்களே" என்றார். அவள் வேலையை விட்டாள், வழக்குப் போட்டாள். அது இழுத்துக்கொண்டே கிடந்தது.

கொசு மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு அவள் நேராகப் பிரகதீஸிடம் போனாள். அவர் அவளை உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்தார். மேசைமேல் அவள் வைத்ததைப் பார்த்து அவர் அதிர்ச்சியடைந்ததாகத் தெரியவில்லை.

"இதுல மைக் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லை."

"கேமரா?"

"இல்லை."

"பொறகென்ன? ஒட்டுக் கேக்கற கருவின்னா மைக் இருக்கணும், ஒளிஞ்சு பாக்கறதுன்னா கேமரா இருக்கணும். சட்டம் அப்படித்தான் சொல்லுது. நாங்க விக்கறது வீட்டுப் பாதுகாப்புக் கருவிங்க. விளக்கு இருக்குது, கடிகாரம் இருக்குது, சாமி படம் இருக்குது. பிடிச்சதை வாங்கிக்கறாங்க."

"சாமி படத்துலயா?"

"அதுதான் நல்லாப் போகுது."

"யாரு சார் வாங்கறாங்க?"

"புருஷன் வாங்கறான், அப்பன் வாங்கறான், ஹாஸ்டல் நடத்தறவங்க வாங்கறாங்க. மில்லுக்காரங்க சூப்பர்வைசர் ரூமுக்கு வாங்கறாங்க. பயந்தவங்க எல்லாம் வாங்கறாங்க, சாருமதி. பயப்படறது தப்பா?"

"ஒருத்தியால மனசுக்குள்ளகூட அழ முடியலை சார். வாய்ப்பாடு சொல்லிக்கிட்டுத் திரியறா. இதை நிறுத்துங்க. நான் இதை இதுக்காகச் செய்யலை."

பிரகதீஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. "எதுக்காகச் செஞ்சீங்கன்னு சொல்ல இது உங்களுதா இருக்கணும். உங்களுதான்னு கோர்ட் இன்னும் சொல்லலீங்களே" என்றார். அவள் எழுந்து வாசல்வரை போனபிறகு, "கதிர்வேல் நல்லாருக்காருங்களா?" என்று கேட்டார். "அவரோட பொத்தானும் இதே சர்வர்லதான் ஓடுது. நீங்க கேஸ் போட்டும் நான் அதை நிறுத்தலை. அதையும் நெனைச்சுப் பாருங்க."

சாருமதி போலீசுக்குப் போனாள். ஆய்வாளர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மைக் எங்கம்மா?" என்றார்.

ருக்மணி கணவனை விட்டுவிட்டு மகனோடு அவிநாசியிலிருந்த அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். மற்ற வீடுகளில் என்ன நடக்கிறதென்று சாருமதிக்குத் தெரியாது. கடைவீதியில் சாமி படங்கள் தொங்கும் கடையைக் கடக்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, எதையும் நினைக்காமல் நடந்தாள்.

*

கோபி ஊருக்குப் பக்கத்தில் யுவராணி என்ற கல்லூரிப் பெண்ணை அவளுடைய அப்பாவே கொன்றார். அவள் மனதில் இருந்தவன் வேறு சாதிப் பையன். ஆனால் யுவராணி அவனோடு ஓடிப்போகவில்லை, அவனுக்கு ஒரு செய்திகூட அனுப்பியதில்லை. அந்தப் பையனுக்கே அவள் மனது தெரியாது. விசாரணையில் அப்பா, "அவ யார்கிட்டயும் சொல்லலீங்க. உள்ளுக்குள்ளயே அவன் பேரைச் சொல்லிக்கிட்டு இருந்தா. எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, அவள் படுக்கைக்குமேல் இருந்த சின்ன நீல விளக்கைக் காட்டினார்.

அன்றிலிருந்து எல்லாத் தொலைக்காட்சிகளிலும் அந்த நீல விளக்குதான். இதைச் செய்தது யார் என்று ஊர் கேட்டது, சட்டசபையில் கேட்டார்கள். மைக்கைத் தேடிய அதே ஆய்வாளர் சாருமதிக்குப் போன் செய்து, "அம்மா, அதை மறுபடியும் கொண்டாங்க" என்றார்.

அடுத்த வாரம் உரிமை வழக்கு விசாரணைக்கு வந்தது. எப்போதும் வாய்தா வாங்கும் கம்பெனி வழக்கறிஞர் அன்று எழுந்து நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"கனம் நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரர் இந்த வழக்கை மேலும் நடத்த விரும்பவில்லை. வாதியின் கோரிக்கையை முழுமையாக ஒப்புக்கொள்கிறோம். இந்தத் தொழில்நுட்பம் தொடக்கத்திலிருந்தே திருமதி சாருமதி அவர்களுடைய கண்டுபிடிப்பு, அவருக்கே சொந்தம். இதன் முழுத்திறன் என்ன என்பது அவருக்கு மட்டுமே தெரியும். நாங்கள் வெறும் விற்பனையாளர்கள்."

தான் இத்தனை காலம் கேட்கக் காத்திருந்த வாக்கியம் அது. அதைக் கேட்டதும் சாருமதி திரும்பித் தன் வழக்கறிஞரின் முகத்தைப் பார்த்தாள்.

சம்மதமா என்று மதியத்துக்குமேல் சொல்லும்படி கூறிவிட்டு நீதிபதி எழுந்து போனார். அவளுடைய வழக்கறிஞர் ஆரோக்கியசாமி அவளை வராந்தாவின் ஓரத்துக்கு அழைத்துப் போனார்.

"வாங்கிக்காதீங்கம்மா. தட்டுல வெச்சுக் குடுக்கறது பரிசு இல்லை, கொலை வழக்கு. உங்களுதுன்னு தீர்ப்பாச்சுன்னா, போலீஸ் மொதல்ல உங்க வாசலுக்குத்தான் வருவாங்க. வழக்கை வாபஸ் வாங்கிக்கலாம். அவங்களுதாவே இருந்துட்டுப் போகட்டும். நீங்க வெறும் பழைய ஊழியர்."

"வாபஸ் வாங்கினா வித்துக்கிட்டே இருப்பாங்களா?"

"கொஞ்ச நாள் நிறுத்துவாங்க. பேரை மாத்திப் பொறகு விப்பாங்க. ஏற்கெனவே சுவர்ல மாட்டினது மாட்டினபடி ஓடிக்கிட்டிருக்கும்."

"என்னுதா ஆயிட்டா?"

"ஆயிட்டா சர்வர் உங்க கைக்கு வரும். ஓட்டறதும் நிறுத்தறதும் உங்க இஷ்டம். ஆனா அம்மா..."

கதிர்வேலின் குரலும் அதே சர்வரில்தான் ஓடுகிறது என்று அவருக்கும் தெரியும்.

அணைத்து வைத்தால் மட்டும் போதாது என்று அவளுக்குத் தெரியும். அழிக்காமல் விட்டால் யாராவது எடுத்து மறுபடி ஓட்டுவார்கள். அண்ணனுக்கென்று ஒரே ஒரு பிரதி எடுத்து வைத்தாலும், அந்த ஒன்றிலிருந்து ஆயிரம் செய்யலாம். முதலில் இருந்ததும் அண்ணனுக்கான அந்த ஒன்றுதானே.

அவள் போனை எடுத்துக் கதிர்வேலைக் கூப்பிட்டாள்.

பின்னால் வண்டிகளின் ஹார்ன் சத்தம். பழைய பதிவுகளிலிருந்து அவள் மீட்டெடுத்த, கொஞ்சம் கரகரத்த அவனுடைய குரல். "சொல்லு அம்மிணி. வெரசாச் சொல்லு, சத்தி வண்டி உள்ள வந்துபோச்சு."

"சாப்டியாண்ணா?"

"இந்நேரத்துக்குச் சாப்படாம இருப்பனா? இன்னிக்கு ஒரு கூத்து கேளு. ஒரு வாண்டு மைக்குல பேசணும்னு ஒரே அழுகை. மடியில தூக்கி உக்கார வெச்சா, பொள்ளாச்சி வண்டியைப் பூனைக்குட்டி வண்டின்னு அறிவிச்சுருச்சு. பொள்ளாச்சி சனமெல்லாம் சிரிக்குது!" அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைச் சரிசெய்ய அவள் எவ்வளவு பாடுபட்டிருந்தாள். "கோர்ட்ல என்னாச்சு?"

"நடந்துக்கிட்டிருக்குண்ணா."

"செயிச்சுருவ. நீ எதுக்குக் கூப்பிட்ட?"

கேட்டுவிடலாம் என்றுதான் கூப்பிட்டாள். அவன் என்ன சொல்வான் என்று தனக்குத் தெரியும் என நினைத்தாள். அணைச்சுரு அம்மிணி என்றுதான் சொல்வான். அந்தக் குரலாலேயே அதைச் சொல்ல வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"சும்மாத்தாண்ணா" என்று போனை வைத்தாள்.

மதியம் நீதிபதி கேட்டபோது ஆரோக்கியசாமி தலைகுனிந்து நின்றார். சாருமதி தானே எழுந்து, "ஆமாங்கய்யா. அது என்னுது" என்றாள்.

*

சர்வரை ஒப்படைக்கும்போது நீதிமன்றம் அனுப்பிய நிபுணர் ஒருவரும் இருந்தார். கொலை வழக்குக்கு வேண்டிய பதிவுகளை அவர் முன்பே எடுத்து முத்திரை வைத்திருந்தார். பிரகதீஸ் கதவருகே கைகட்டி நின்றார். எத்தனையோ வீடுகளிலிருந்து யார் யாரோ தமக்குள் சொல்லிக்கொள்வது திரையில் எண்களாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஆராய்ச்சிக்குன்னு ஒரு பிரதி வெச்சுக்கலாமே மேடம்? நல்ல வேலை இது" என்றார் நிபுணர். உண்மையான மரியாதையோடுதான் சொன்னார்.

"வேண்டாங்க."

"உங்கண்ணன்?" என்றார் பிரகதீஸ். இதை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை போலும், குரல் தடுமாறியது.

அவள் விசைப்பலகையின் பக்கம் திரும்பினாள். அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, திரை வெறுமையாகும்வரை அங்கேயே நின்றாள்.

வெளியே வந்ததும் ஷகிலா போன் செய்தார். "ருக்மணிகிட்டச் சொன்னேன் சாரு, எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு. தலையாட்டறா. ஆனா நம்பலை. இன்னும் வாய்ப்பாடு நிக்கலை. நாளாகும்." பிறகு, "கதிர்வேலை எங்கிட்டக் கூட்டிட்டு வா" என்றார்.

மறுநாள் காலை காவல்நிலையத்துக்கு வரவேண்டும் என்ற உத்தரவு அவள் பையில் இருந்தது. இனி இந்தத் தொழில்நுட்பத்தை அவள் தொடவே கூடாது என்று ஜாமீன் நிபந்தனையில் வரும் என ஆரோக்கியசாமி சொல்லியிருந்தார். பிரகதீஸும் தப்பமாட்டார், ஆனால் முதல் பெயர் உங்களுடையதாகத்தான் இருக்கும் என்றார்.

அவள் வீட்டுக்குப் போனபோது கதிர்வேல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். காலரிலிருந்த பொத்தானைக் கழற்றி முன்னால் வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் போனில் விரலால் எழுதி அவள் பக்கம் திருப்பினான்.

'மைக்கு முன்னாலதான் இருந்தேன். உடுமலை வண்டின்னு சொல்ல நெனச்சேன். வரல. திரும்பத் திரும்ப நெனச்சேன். சனம் பூராவும் நிமிர்ந்து என்னையே பார்த்துச்சு.'

சாருமதி எதிரில் உட்கார்ந்தாள். "அண்ணா, அந்தக் கோபிப் பொண்ணு..."

அவன் கையை உயர்த்தி நிறுத்தினான். எழுதினான்.

'டிவில பார்த்தேன். நீ செஞ்சது சரி. எங்கிட்டக் கேட்டிருந்தா நானே அணைக்கச் சொல்லியிருப்பேன்.'

"தெரியும்ணா. அதனாலதான் கேக்கலை. உன்னை அதைச் சொல்ல வைக்க வேண்டாம்னு..."

அவன் இந்தமுறை வெகுநேரம் எழுதினான். எழுதியதை அழித்தான், மறுபடி எழுதினான். போனை அவள் கையில் கொடுக்காமல் மேசைமேல் தள்ளிவிட்டான்.

'தெரியும்னு எப்படிச் சொல்ற? நான் சொல்லறதுக்கு முந்தியே என் தொண்டைக்குள்ள இருக்கறதை எடுத்துக்கறதுக்கு நீயும் அந்த விளக்கா? போன் பண்ணினியே. கேட்டிருந்தா, என் வாயால சொல்லியிருப்பேன். கடைசியா ஒரு தடவை.'

அவள் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். போனை அவன் பக்கமே நகர்த்தி வைத்தாள். அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தாடை லேசாக அசைந்தது. தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

சாருமதி பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, அவனாகத் திரும்பும்வரை காத்திருந்தாள்.